கல்லில் இருக்கும் ஆண்டு

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலின் முதல் பாடம் ஐரோப்பியர்களின் வருகை. அதில் வரும் வரலாற்றுச் சான்றுகளை மாணவர்கள் பட்டியலாக ஒப்பித்துவிடுவார்கள். ஒரு சான்றைக் கண்முன் வைத்துக் கேள்வி கேட்பதுதான் அவர்களுக்குக் கடினம். இதற்காகவே என் மாணவர்களை இரண்டு பழைய தேவாலயங்களுக்கு அழைத்துச் செல்கிறேன். ஒன்று செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம். மற்றொன்று பாரிமுனை அருகில் உள்ள ஆர்மேனியத் தேவாலயம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம்.

கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் சோதனை உண்டு. முன்அனுமதி, தலைமையாசிரியரின் கடிதம், மாணவர் பெயர்ப் பட்டியல் ஆகியவை கையில் இருக்கட்டும். காலையிலேயே சென்றால் சாய்ந்த வெயிலில் எழுத்துகள் தெளிவாகத் தெரியும்.

புனித மேரி தேவாலயம் 1680இல் திறக்கப்பட்டது. அதன் தடித்த சுவர், குண்டு தாங்கும் வளைகூரை பற்றி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிப்பேன். வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் ராபர்ட் கிளைவின் திருமணம் (1753) எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. வெளியே தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களுக்கே அதிக நேரம். ஒவ்வொரு குழுவும் ஒரு கல்லைத் தேர்ந்து, அதிலுள்ள ஆண்டைத் தேவாலயத்தின் ஆண்டோடு ஒப்பிட வேண்டும்.

“மிஸ், சர்ச் 1680ன்னு சொன்னீங்க. இதுல 1652ன்னு இருக்கே?”

எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணின் கல் அது. செதுக்கியவர் தவறு என்றான் ஒருவன். முன்பே இங்கே வேறொரு கோயில் இருந்திருக்கும் என்றாள் இன்னொருத்தி. நான் உடனே விடை சொல்வதில்லை. ஐந்து நிமிடம் வாதிடட்டும்.

பிறகு 1758-59 முற்றுகையைச் சொல்வேன். லாலி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படையினர், கோட்டைக்கு வெளியே இருந்த ஆங்கிலேயரின் கல்லறைத் தோட்டத்தில் சமாதிகளின் பின்னால் மறைந்துகொண்டார்கள். மீண்டும் அப்படி நேரக்கூடாதென ஆங்கிலேயர் அச்சமாதிகளை இடித்து, பெயர் பொறித்த கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்து பதித்தார்கள்.

“அப்போ இதுக்குக் கீழ யாருமே இல்லையா?”

அந்தக் கேள்வியோடு நடக்கத் தொடங்குவோம். என்.எஸ்.சி. போஸ் சாலையில் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம் நிற்கும் பகுதிதான் அந்தக் கல்லறைத் தோட்டம். இடிபடாமல் தப்பிய மிகச் சிலவற்றுள் ஒன்று, பின்னாளில் ஆளுநரான எலிஹு ஏலின் சிறு மகன் டேவிட்டின் சமாதி. ஏலின் திருமணம் நடந்தது, 1680இல், நாங்கள் சற்றுமுன் பார்த்த அதே தேவாலயத்தில்.

அடுத்தது ஆர்மேனியன் தெரு. தமிழில் அரண்மனைக்காரன் தெரு. அங்கே அரண்மனை ஏதும் இல்லை. ‘ஆர்மேனியக்காரர்’ வாய்வழக்கில் மருவியது. தமிழாசிரியர் உடன்வந்தால் இவ்விடத்தை அவரிடம் விட்டுவிடலாம். 1772இல் கட்டப்பட்ட இத்தேவாலயத்தின் கற்களுக்கு அடியில் உண்மையாகவே மனிதர்கள் உறங்குகிறார்கள். உலகின் முதல் ஆர்மேனிய இதழான ‘அஸ்தரார்’ஐ 1794இல் இந்நகரில் தொடங்கிய ஹாருத்யூன் ஷ்மாவோன்யான் அவர்களில் ஒருவர். இங்கே கல்லும் ஆளும் ஒரே இடத்தில். ஆனால் அந்த எழுத்தைப் படிக்கும் ஆர்மேனியச் சமூகம்தான் நகரில் இல்லை.

மறுவாரத்திற்கான செயல்பாடு: தங்கள் பகுதியில் ஆண்டு பொறித்த ஒரு கல்லைக் கண்டு, அது முதலில் அங்கேதான் இருந்ததா என்று விசாரித்து வருதல். எங்கள் பள்ளித் திறப்புவிழாக் கல்லைத் தேர்ந்த குழு, அது பதிக்கப்பட்ட கட்டடத்தைவிடக் கல் மூத்தது என்று எழுதி வந்தது. பழைய கட்டடம் எங்கே நின்றது என்று இப்போது முன்னாள் மாணவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.