வினாவில் தொடங்கும் விருந்து

எபிரேய மொழியில் மழலையர் பள்ளியைக் ‘கன்’ என்பர். தோட்டம் என்பது அச்சொல்லின் பொருள். அத்தோட்டத்தில் பயிலும் நான்கு வயதுக் குழந்தைக்குத் தொன்மையான வரலாறு ஒன்றை எங்ஙனம் கற்பிப்பது? எழுத்தறியாப் பருவத்தில் கையும் நாவுமே புத்தகங்கள் அல்லவா! யூதர்களின் விழாக்கள் இதற்கு மிகவும் இசைந்தவை. ரோஷ் ஹஷானா என்னும் புத்தாண்டில் ஆப்பிள் துண்டைத் தேனில் தோய்த்து உண்பர். சுக்கோத் விழாவில் தழை வேய்ந்த குடிலைக் குழந்தைகள் காகிதச் சங்கிலிகளால் அழகுசெய்வர். ஆயினும், பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையே நோக்கமாகக் கொண்ட விழா பெசாக் ஆகும்.

எகிப்தில் அடிமைகளாய் இருந்த தம் முன்னோர் விடுதலை பெற்றதை யூதர்கள் இவ்விழாவில் நினைவுகூர்கின்றனர். புறப்பட்ட விரைவில் மாவு புளிக்கும்வரை காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை என்பது வரலாறு. ஆதலின் விழா நாள்களில் ‘மட்சா’ என்னும் புளிப்பில்லா அப்பத்தையே உண்பர். மாவில் நீர் பட்டது முதல் 18 நிமிடங்களுக்குள் அதனைச் சுட்டு முடித்தல் வேண்டும். மழலையர் பள்ளியில் இவ்விதியே விளையாட்டாகிறது. ஆசிரியர் கடிகாரத்தைக் காட்டியதும் குழந்தைகள் மாவைப் பிசைகின்றனர், தேய்க்கின்றனர், உப்பாமல் இருக்க முள்கரண்டியால் துளையிடுகின்றனர். அப்பம் வட்டமாக வாராவிடினும் குறையில்லை. உயிர் தப்ப ஓடியவர்கள் வட்டத்தையா பார்த்திருப்பர்?

விழாவின் முதல் இரவில் குடும்பத்தார் ஒன்றுகூடி உண்ணும் விருந்துக்குச் ‘செதெர்’ என்று பெயர். அதற்கான தட்டையும் குழந்தைகள் பள்ளியிலேயே ஆயத்தம் செய்து பழகுவர். துருவிய ஆப்பிளையும் இடித்த அக்ரூட்டையும் இலவங்கப்பட்டைப் பொடியுடன் கலந்தால் ‘ஹரோசெத்’ உருவாகும். அதன் நிறம், அடிமைகள் செங்கல் அடுக்கிப் பூசிய சாந்தை நினைவூட்டும். நம் நாட்டு யூதர் இல்லங்களில் இதனைப் பேரீச்சம்பழத்தில் செய்வதுண்டு. உப்புநீர் கண்ணீருக்கு அடையாளம். கசப்புக் கீரை துயரத்துக்கு அடையாளம். சிறுவர் முகம் சுளிப்பர் என்று கருதிக் கசப்பை விலக்கிவிடும் ஆசிரியர்களும் உள்ளனர். அது சரியன்று. ஓர் இணுக்குக் கீரை போதும். ஆனால் இனிப்பை மட்டும் ஊட்டினால் வரலாற்றின் பாதி மறைந்துவிடும்.

விருந்தின் சிறப்பு உணவில் மட்டும் இல்லை. கூட்டத்தில் மிக இளைய குழந்தை எழுந்து கேள்வி கேட்ட பின்னரே பெரியோர் வரலாற்றைச் சொல்லத் தொடங்குவர். இன்று புளித்த அப்பம் ஏன் இல்லை? கசப்புக் கீரை எதற்கு? ஏன் இருமுறை தோய்க்கிறோம்? ஏன் சாய்ந்து அமர்கிறோம்? இவ்வினாக்களைப் பள்ளியில் பல நாள்கள் பாடிப் பழகிய குழந்தைக்கு அவ்விரவு பெருமிதம் தரும். வீட்டில் குழந்தை இல்லையெனில் பெரியவர் ஒருவர் கேட்பார். தனியே இருப்பவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்!

பின்னர், எகிப்தியர் மீது வந்த பத்துத் துன்பங்களின் பெயர்களைச் சொல்வர். ஒவ்வொரு பெயருக்கும் கிண்ணத்தில் விரல் தோய்த்து ஒரு துளியைத் தட்டில் சிந்துவர். குழந்தையின் கிண்ணத்தில் திராட்சைச் சாறு இருக்கும். பகைவரும் மனிதரே, அவர்கள் துன்புற்றபோது நம் மகிழ்ச்சிக் கிண்ணம் நிறைந்திருத்தல் ஆகாது என்று பெரியோர் இதற்கு விளக்கம் கூறுவர். நான்கு வயதுப் பிள்ளைக்கு இவ்விளக்கம் முழுதும் புரியாது. அது துளிகளை எண்ணும். பத்தாம் துளியைச் சிந்தியதும் இனிக்கும் விரலை வாயருகே கொண்டுசெல்லும். அன்னை அவ்விரலைப் பற்றித் துடைத்துவிடுவாள். “ஏன்?” என்று குழந்தை கேட்கும்.

அருஞ்சொற்பொருள்
எங்ஙனம் – எவ்வாறு
சாந்து – செங்கற்களை இணைக்கும் கலவை
இணுக்கு – கிள்ளிய சிறு பகுதி

பயிற்சி
1. மட்சா செய்யும்போது மாவில் துளையிடுவது ஏன்?
2. கசப்பை விலக்குதல் சரியா? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.
3. அன்னை கூறும் விடையை உரையாடலாக எழுதுக.