கைக்குப் பாடம் சொல்லும் கருவி

உங்கள் கையைப் பாருங்கள். விரல்களை மடக்குங்கள். பிறகு விரியுங்கள். எவ்வளவு எளிதாக இருக்கிறது!

இந்தக் கையால் சோறு பிசைகிறோம். களை எடுக்கிறோம். பேனா பிடித்து எழுதுகிறோம். கை முடங்கினால் கூலியும் முடங்கும். குடும்பமே தவிக்கும்.

பக்கவாதம் என்றால் என்ன?

கைக்குக் கட்டளை தருவது மூளை. மூளைக்கு எப்போதும் இரத்தம் வேண்டும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்துக்கொள்ளலாம். அல்லது வெடித்து இரத்தம் கசியலாம். அப்போது மூளையின் ஒரு பகுதி கெட்டுப்போகும். இதுவே பக்கவாதம்.

மூளையின் இடப்பக்கம் வலது கையை இயக்குகிறது. வலப்பக்கம் இடது கையை இயக்குகிறது. பக்கவாதம் வந்தவரின் கையில் எலும்பு முறியவில்லை. மூளையின் கட்டளைதான் கைக்கு வந்து சேரவில்லை.

முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? ஒரு கை தளர்ந்து தொங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? காத்திருக்காதீர்கள். உடனே 108 எண்ணுக்குப் பேசுங்கள். ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

போன இயக்கம் திரும்புமா?

பலருக்கு ஓரளவு திரும்பும். மூளைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கெட்டுப்போன பகுதியின் வேலையை மற்றப் பகுதிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். அதற்குப் பயிற்சி வேண்டும்.

நாம் 'அ' எழுதப் பழகியதை நினைத்துப் பாருங்கள். எத்தனை முறை எழுதி எழுதிக் கை படிந்தது! பக்கவாதம் வந்த கையும் அப்படித்தான். ஒரே அசைவைப் பல நூறு முறை செய்ய வேண்டும். ஆனால் பயிற்சி தரும் இயன்முறை மருத்துவர் ஒருவர். அவருக்காகக் காத்திருக்கும் நோயாளிகளோ பலர். இங்கேதான் கருவி உதவுகிறது.

ஒரு மோட்டார், பல பிடிகள்

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் இதற்காக ஒரு ரோபோ செய்தார்கள். நோயாளியின் கையைப் பிடித்து மேசைமேல் நகர்த்தும் கருவி அது.

நம் நாட்டிலும் ஒரு கருவி பிறந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து அதை உருவாக்கின. பெயர் புளூட்டோ. மேசைமேல் வைக்கக்கூடிய சிறு கருவி.

வீட்டு மிக்சியில் மோட்டார் ஒன்றுதான். ஜாரை மட்டும் மாற்றுகிறோம். புளூட்டோவும் அப்படியே. ஒரு பிடியை மாட்டினால் மணிக்கட்டை அசைக்கலாம். இன்னொன்றை மாட்டினால் முன்கையைத் திருப்பலாம். வேறொன்றை மாட்டினால் கையை விரித்து மூடலாம். ஒவ்வோர் அசைவுக்கும் தனி மோட்டார் வேண்டாம். அதனால் செலவு குறைகிறது.

அளவான உதவி

சைக்கிள் ஓட்டக் கற்றுத் தருகிறோம். சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடினால் பிள்ளை கற்குமா? கற்காது. தள்ளாடும்போது பிடிக்க வேண்டும். மற்ற நேரம் விட்டுவிட வேண்டும்.

நல்ல கருவியும் அப்படித்தான். முதலில் நோயாளி தானே முயல வேண்டும். கை எவ்வளவு அசைந்தது என்பதைக் கருவி அளக்கும். குறைந்த அளவுக்கு மட்டும் உதவும். முழு வேலையையும் கருவியே செய்தால் மூளை கற்காது.

கணினித் திரையில் விளையாட்டும் உண்டு. கையை அசைத்தால் திரையில் பந்து நகரும். சலிப்புத் தெரியாது.

கருவி மட்டும் போதுமா?

போதாது. பிரிட்டனில் 770 நோயாளிகளிடம் ரோபோப் பயிற்சியைச் சோதித்தார்கள். 2019-ல் முடிவு வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையைவிட ரோபோவால் கையின் பயன்பாடு கூடவில்லை. ஆகவே கருவி ஒரு துணை. அது மந்திரக்கோல் அல்ல.

கருவி இல்லாத ஊரிலும் பயிற்சி நடக்கலாம். இயன்முறை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டம்ளரைப் பிடிப்பது, துணி மடிப்பது, பொத்தான் போடுவது எல்லாம் பயிற்சிதான். நோயாளியைத் தூக்கும்போது தளர்ந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள்மூட்டு கெடும். அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும். பொறுமையாக அருகில் இருங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. பக்கவாதத்தின் மூன்று அறிகுறிகள் எவை?
2. கருவி ஏன் முழு வேலையையும் செய்யக் கூடாது?
3. உங்கள் ஊருக்கு அருகில் ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனை எது? அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும்?