இரண்டு கான்களும் ஒரு வாயிலும்

சமிபாட்டுத் தொகுதியின் படத்தில், பித்தக்கானையும் சதையிக் கானையும் முன்சிறுகுடலில் கொண்டுபோய்ச் சேர்த்துப் பெயரிட்டால் எங்கள் வேலை முடிந்துவிடும். அந்தச் சின்ன வாயில் எங்கள் வீட்டையே கலக்கும் என்று நான் நினைத்ததில்லை.

சென்ற வருடம் உம்மம்மாவுக்குக் கண் மஞ்சளானது. செங்கண்மாரி என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தோம். ஆனால் உடம்பெல்லாம் அரிப்பு. மலமும் வெளுத்துப் போயிருந்தது. பித்தத்தின் நிறப்பொருள் குடலுக்கு இறங்காமல் இரத்தத்தில் தேங்கும்போது இப்படித்தான் ஆகும். வயிற்று ஸ்கேனில் பித்தக்கான் விரிந்திருப்பது தெரிந்தது. அடைத்திருப்பது கல்லா, கட்டியா என்பது தெரியவில்லை. ஒரு கெமரா போட்டுப் பார்த்துவிட்டு, தேவையென்றால் இன்னொன்று போடவேண்டும் என்றார் டொக்டர்.

"ஒன்டு போட்டாப் போதாதா மகன்?" என்று கேட்டார் உம்மம்மா. எனக்கும் அதே கேள்விதான்.

இரண்டாவதாகச் சொன்னது ஈ.ஆர்.சி.பி. அந்த வாயில் குடலின் பக்கச் சுவரில் இருப்பதால், இதற்கான அகநோக்கியும் பக்கவாட்டிலேயே பார்க்கும். வாயிலினூடாக மெல்லிய குழாயொன்றை நுழைத்துச் சாயம் செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பார்கள். 1968இல் அமெரிக்காவில் மக்யூன் என்பவரும் அவரது குழுவினரும் இதை முதலில் அறிவித்தார்கள். 1974இல் ஜப்பானிலும் ஜேர்மனியிலும் வாயிலின் இறுக்கித் தசையை உள்ளிருந்தே வெட்டிக் கல்லை எடுக்கவும் வழி கண்டார்கள். அந்தத் தசைக்கு ஒட்டி என்பவரின் பெயர். 1887இல் அதை விவரித்தபோது அவர் இத்தாலியில் ஒரு மருத்துவ மாணவர்தான்!

சிக்கல் என்னவென்றால், பெரும்பாலானோருக்கு அந்த வாயில் இரண்டு கான்களுக்கும் பொதுவானது. பித்தக்கானைத் தேடும் குழாய் சதையியையும் சீண்டிவிடலாம். அப்போது சதையி அழற்சியடையும். சிலருக்கு அது உயிராபத்தாகவும் முடியும். ஆகவே வெறுமனே பார்ப்பதற்காக இன்று ஈ.ஆர்.சி.பி. செய்வது அரிது.

பார்ப்பதற்கு வேறு வழிகள் வந்துவிட்டன. எம்.ஆர்.சி.பி. காந்தப் புலத்தால் கான்களைப் படமெடுக்கும், குழாயே தேவையில்லை. ஆனால் மிகச் சிறிய கற்கள் அதற்குத் தப்பிவிடலாம். எனக்குப் பிடித்தது ஈ.யூ.எஸ். சதையி இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. வெளியிலிருந்து அனுப்பும் கழியொலியை இரைப்பையிலும் குடலிலும் உள்ள வாயு மறித்துவிடும். இதிலோ அகநோக்கியின் நுனியிலேயே கழியொலிக் கருவி இருக்கிறது. இரைப்பைக்குள் போய்விட்டால் இடையில் அதன் சுவர் மட்டுந்தான். கட்டி தெரிந்தால் அங்கிருந்தே ஊசியால் கலங்களை எடுத்துப் பரிசோதிக்கலாம். அந்தக் கெமராவைத்தான் டொக்டர் முதலில் சொல்லியிருந்தார்.

அது போட்ட அன்று வாப்பா வாசலில் தஸ்பீஹோடு நின்றிருந்தார். கட்டி இல்லை, இரண்டு சிறிய கற்கள் என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ். பிறகுதான் ஈ.ஆர்.சி.பி. செய்து கற்களை எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உம்மம்மாவுக்குப் படம் வரைந்து விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்தக் கல்லு எங்க?" என்றார். குடலுக்குள்ளேயே விட்டுவிடுவார்கள், மலத்தோடு போய்விடும் என்றேன். அதைத்தான் அவர் இன்னும் நம்பவில்லை.