மண்ணெண்ணெய் பழக்கிய கை

பெட்ரோலால் தீ விபத்து என்றதும் 'அஜாக்கிரதை' என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. நெருப்புக்குப் புதியவர்கள் மட்டுமா இதில் சிக்குகிறார்கள்? அடுப்போடும் விளக்கோடும் புழங்கி வளர்ந்தவர்களும் சிக்குகிறார்கள். எரிபொருளை எப்படிக் கையாள்வது என்று நம் வீடுகளுக்குக் கற்றுக்கொடுத்தது மண்ணெண்ணெய். திரி ஸ்டவ்வில் ஊற்றினோம், சிம்னி விளக்கில் ஊற்றினோம், ஈர விறகு முரண்டு பிடித்தால் அதன் தலையிலும் கொஞ்சம் ஊற்றினோம். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் அருகி, வாசலில் பைக் நிற்கத் தொடங்கிய பிறகு, அந்த இடத்துக்குத் தண்ணீர் பாட்டிலில் பிடித்த பெட்ரோல் வந்துவிட்டது. கை மட்டும் பழைய பழக்கத்திலேயே இருக்கிறது. விபத்தின் வேர் அங்கேதான் என்பது என் கட்சி.

இரண்டுமே எண்ணெய்தானே என்று தோன்றும். ஆனால் எரிவது எண்ணெய் அல்ல, அதிலிருந்து எழும் ஆவி. தீக்குச்சி காட்டினால் பற்றும் அளவுக்கு மண்ணெண்ணெய் ஆவியை விட வேண்டுமென்றால் அது 35 டிகிரி செல்சியஸுக்கு மேலாவது சூடேற வேண்டும். பெட்ரோலுக்கு அந்த வரம்பு பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரி. அதாவது நம் ஊரில் மார்கழி விடியற்காலையிலும் திறந்த பெட்ரோல் பாட்டில் பற்றத் தயாராகவே இருக்கிறது. அதன் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலைவதை விட்டுவிட்டு, தண்ணீரைப் போலப் பள்ளம் தேடித் தரையோடு நகரும்; கதவின் அடியில் நுழையும், சாக்கடையில் இறங்கும், பக்கத்து அறையின் அடுப்பையோ மோட்டாரையோ போய்த் தொடும். 'நெருப்பு தள்ளித்தானே இருக்கிறது' என்று கண் போடும் கணக்கு மண்ணெண்ணெய்க்கு ஓரளவு சரி, பெட்ரோலுக்குச் செல்லாது. இந்த வித்தியாசத்தைச் சட்டமும் அறிந்திருக்கிறது. இந்தியாவின் 1934ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கல்லாமல் உரிமமின்றி வைத்திருக்கக்கூடிய பெட்ரோல் 30 லிட்டர். மண்ணெண்ணெய் அடங்கும் வகுப்புக்கு அதே வரம்பு 2,500 லிட்டர்.

இதனால் மண்ணெண்ணெய் சாது என்று ஆகிவிடாது. அக்னி நட்சத்திர வெயிலில் வைத்த கேன் அந்த 35 டிகிரியை எளிதில் தாண்டும். திரியிலோ துணியிலோ ஊறிவிட்டால் குளிர்ந்த மண்ணெண்ணெயும் உடனே பிடிக்கும். கொஞ்சம் பெட்ரோல் கலந்த மண்ணெண்ணெயைப் பெட்ரோலாகவே கருத வேண்டும். இலங்கையில் குப்பி விளக்குகள் கவிழ்ந்து தீக்காயம் பட்டு வந்தவர்களைப் பார்த்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, எளிதில் சாயாத, சாய்ந்தாலும் உருளாத, திருகு மூடி போட்ட குட்டையான கனத்த கண்ணாடி விளக்கை வடிவமைத்தார்; 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மண்ணெண்ணெயின் ஆபத்து பெரும்பாலும் கவிழ்வதிலும் சிந்துவதிலும் இருப்பதால் பாத்திரத்தின் வடிவத்தாலேயே அதைக் குறைக்க முடிந்தது. மூடி திறந்த பெட்ரோலோ சிந்தாமலேயே பரவிவிடுகிறது.

'இத்தனை வருஷமாகக் குப்பைக்குப் பெட்ரோல் ஊற்றித்தான் கொளுத்துகிறேன், ஒன்றும் ஆகவில்லையே' என்பார்கள். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால்தான் பற்றும். அதற்குக் குறைந்தாலும் பற்றாது, மிஞ்சினாலும் பற்றாது. ஊற்றியவுடன் கொளுத்தியதாலோ காற்று வீசியதாலோ தப்பியிருக்கலாம். அந்த அளவைக் கண்ணால் அறிய வழியில்லை என்பதால், நேற்றுத் தப்பியது இன்றைக்குச் சாட்சி ஆகாது. இதிலும் மோசமானது, அணைந்ததுபோல் தெரியும் குவியலில் மறுபடி ஊற்றுவது. சாம்பலுக்கடியில் கனல் இருக்கும். அதன் சூட்டில் ஆவி குபீரென்று எழும். பற்றினால் தீ ஊற்றும் தாரை வழியாகவே ஏறிப் பாட்டிலுக்குள் வரும். கையில் இருப்பது அப்போது பாட்டில் அல்ல, தீப்பந்தம். அமெரிக்காவில் கையில் தூக்கும் எரிபொருள் கேன்களின் வாயில் தீ உட்புகாமல் தடுக்கும் அமைப்பு இருக்க வேண்டுமென்று 2020இல் சட்டமே போட்டார்கள். நம் தண்ணீர் பாட்டிலில் அப்படி எதுவும் கிடையாது. குப்பையை எரிக்காமலிருப்பதே மேல். எரித்தே தீர வேண்டிய விறகென்றால் காய்ந்த பன்னாடையும் சிரட்டையும் போதும். கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

இன்னொரு வாதம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. சினிமாவில் சிகரெட்டைச் சுண்டி எறிந்ததும் பெட்ரோல் வெடிக்கிறது; அமெரிக்க அரசின் ஏடிஎஃப் (மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் துறை) ஆய்வகத்தில் ஆயிரக்கணக்கான முறை முயன்றும் புகையும் சிகரெட்டால் பற்றவைக்க முடியவில்லை. பங்கில் செல்போன் பேசுவதும் அப்படித்தான், மிரட்டல் அளவுக்கு ஆதாரம் இல்லை. அப்படியானால் மொத்தப் பயமும் மிகையா? இல்லை, பயம் இடம் மாறி நிற்கிறது. சிகரெட் கனலால் ஆகாததை, அதைப் பற்றவைக்கும் தீக்குச்சி நொடியில் செய்துவிடும். விரல் நுனியில் சுரீரென்று உறைக்கும் நிலைமின் பொறியும் போதும். செல்போனை அணைத்துவிட்டு, ஸ்கூட்டர் கால்மிதியில் பிளாஸ்டிக் கேனை வைத்து நிரப்புபவர் தவறான எதிரியைக் காவல் காக்கிறார். கேனைத் தரையில் இறக்கி, குழாயின் முனை கேனின் வாயைத் தொட்டபடி இருக்க, மெதுவாக நிரப்பினால் மின்னூட்டம் சேர்வது வெகுவாகக் குறையும்.

பவர் ஸ்பிரேயரும் ஜெனரேட்டரும் வைத்திருப்பவர் பெட்ரோல் வாங்காமல் முடியாது. அவருக்கு இறுக மூடும் உலோகக் கேன் வேண்டும், விளிம்புவரை நிரப்பக் கூடாது, அடுப்படியிலோ படுக்கையறையிலோ அல்லாமல் காற்றோட்டமான வெளிக்கொட்டகையில் வைக்க வேண்டும். கரண்ட் போன அவசரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டரில் ஊற்றுவது கூடவே கூடாது. நிறுத்தி, சைலென்சர் ஆறும்வரை பொறுக்க வேண்டும். டீசல் என்றாலும் இந்தப் பொறுமை தேவை. தீக்குச்சிக்கு அது சோம்பேறிதான், ஆனால் பொறியே இல்லாமல் வெறும் சூட்டில் தானாகப் பற்றும் வெப்பநிலை டீசலுக்குப் பெட்ரோலைவிடக் குறைவு. தீ பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் மிதந்து தீயையும் கூட்டிக்கொண்டு போகும். சின்னத் தீக்கு மணலோ உலர்பொடி அணைப்பானோ போதும், மீறினால் விலகி நின்று 101ஐ அழைக்க வேண்டும். உடையில் சிந்தியிருந்தால் அடுப்புப் பக்கமே போகாமல் முதலில் உடை மாற்ற வேண்டும். சுட்ட இடத்தில் மையோ பற்பசையோ தடவாமல், 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.