மாடி ஒழுகுது, மேஸ்திரி வரலை: பெயர்க்கும் முன் ஒரு நிமிஷம்!

போன வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் காலை அத்தையிடமிருந்து போன். "கூடத்துல வாளி வச்சிருக்கேன்டா. எண்பத்தஞ்சாயிரம் பேசி மாடிக்குத் தட்டோடு போட்டு மூணு மாசம்கூட ஆகலை." மேஸ்திரியைக் கேட்டால் அவர் கதை வேறு: "டிஷ் மாட்ட ஓட்டை போட்டது நீங்கதானேம்மா? அது வழியா இறங்குது. என் வேலையில குறை இல்லை."

அது மாமாவின் ஓய்வூதியப் பணம். அத்தைக்கு வந்த கோபத்தில், மறுநாளே வேறு ஆளைக் கூப்பிட்டு மொத்தத்தையும் பெயர்த்துவிட்டுப் புதுசாகப் போடத் தயாராகிவிட்டார். அங்கேதான் நான் குறுக்கே விழுந்தேன். பெயர்த்துப் போட்ட பிறகு, முதல் மேஸ்திரியின் வேலைதான் ஒழுகியது என்று எதைக் காட்டி நிரூபிப்பது? இருந்த ஒரே சாட்சி அந்தத் தளம்தான்.

அதற்காக நனைந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை. தார்ப்பாய் போட்டு மூடலாம். ஈரம் ஃபேன், லைட் பக்கம் வந்திருந்தால் முதலில் அந்தப் பக்க மின்சாரத்தை நிறுத்துங்கள். பிறகு போட்டோ, வீடியோ எடுங்கள். சீலிங்கில் ஈரம் பரவியிருக்கும் எல்லையைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அடுத்த மழைக்குக் கோடு தாண்டினால் அதுவும் ஒரு பதிவு. ஒரு மழையும் இல்லாத நாளிலும் சொட்டுகிறதென்றால், மேஸ்திரியைத் திட்டும் முன் தண்ணீர்க் குழாயையும் தொட்டியையும் பாருங்கள்.

கூடத்தில் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் விரிசல் இருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி அவசியமில்லை. தண்ணீர் தட்டோட்டுக்கு அடியில் ஊர்ந்து, கான்கிரீட்டில் வழி கிடைத்த இடத்தில்தான் இறங்கும். அதனால் மேஸ்திரியும் நாமும் எவ்வளவு சத்தம் போட்டாலும் முடிவு வராது. மூன்றாவது ஆள் ஒருவர் பார்க்க வேண்டும். அத்தை வீட்டுக்கு ஒரு கட்டடப் பொறியாளரை, கட்டணம் கொடுத்து அழைத்தோம். மழை விட்ட இடைவெளியில் அவர் மாடியைச் சின்னச் சின்னப் பாத்திகளாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்தார். (இதை நீங்களே செய்துவிடாதீர்கள். ஒரு அங்குலத் தண்ணீர் நின்றாலே சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ பாரம். கம்பி வெளியே தெரியும் பழைய தளம் தாங்குமா என்று பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.)

முடிவு இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை. டிஷ் மாட்டிய இடத்தில் ஒழுகல் உண்டு, மேஸ்திரி சொன்னது உண்மை. ஆனால் கூடத்துக்கு மேலே இறங்கியது அங்கிருந்து அல்ல. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் ஓரத்தில் பூச்சைச் சுவர் மேல் ஏற்றாமல் விட்டிருந்தார்கள். வாட்டமும் சரியில்லாததால் அந்த மூலையில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. அது மேஸ்திரியின் வேலை. பொறியாளர் இரண்டையும் போட்டோவோடு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

ஒப்பந்தம் என்று அத்தையிடம் இருந்தது, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் "மாடி வேலை 85,000" என்ற ஒரு வரி. நல்லவேளையாக, 70,000 ரூபாயை போன் வழியாக அனுப்பியிருந்தார், வங்கிக் கணக்கில் அது இருக்கிறது. வாட்ஸ்அப்பில் மேஸ்திரி அனுப்பிய வாய்ஸ் மெசேஜும் இருந்தது. "மழைக்குப் பிறகு மீதி தர்றேன்" என்று 15,000 ரூபாயைக் கையில் வைத்திருந்ததுதான் அத்தையின் சாமர்த்தியம்.

அறிக்கையின் நகலோடு, 15 நாளில் சரிசெய்து தரும்படி மேஸ்திரிக்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பினோம். திட்டி ஒரு வார்த்தை இல்லை. சரிசெய்யாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவோம் என்று ஒரு வரி மட்டும்.

அந்த வரி வெறும் மிரட்டல் இல்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வீடு கட்டுமானத்தைச் 'சேவை' என்ற விளக்கத்திலேயே சேர்த்திருக்கிறது. காசு வாங்கிச் செய்த வேலையில் குறை இருந்தால் அது சேவைக் குறைபாடு. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை புகார்க் கட்டணமே கிடையாது. மேஸ்திரி எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. நேரில் மட்டுமல்ல, இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

இரண்டு இடத்தில் சறுக்குவோம். ஒன்று, காலக்கெடு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். "அடுத்த வாரம் வர்றேம்மா" என்று மேஸ்திரி தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் அந்த இரண்டு வருஷத்தில்தான் கழிகிறது. இன்னொன்று, வேலை பேசிய விதம். சதுர அடிக்கு இவ்வளவு, மொத்தமாக இவ்வளவு என்று அவர் பொறுப்பேற்றுச் செய்திருந்தால் நம் பக்கம் வலு. நாமே பொருள் வாங்கிப் போட்டு, தினக்கூலிக்கு ஆள் வைத்து, நாமே நின்று வேலை வாங்கியிருந்தால் அது 'சேவை'க்குள் வருமா என்பதே கேள்வியாகிவிடும்.

எங்கே தொடங்குவது என்று குழம்பினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேளுங்கள். தனி மேஸ்திரி விஷயத்தில் அவர்களால் பெரும்பாலும் வழிகாட்டத்தான் முடியும், அதுவும் தேவைதானே.

கடிதம் போன ஒன்பதாம் நாள் மேஸ்திரி வந்தார். அறிக்கையில் இருந்த போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். "ஓரம் என் பசங்க விட்டதும்மா, நான் பார்க்காம போயிட்டேன். டிஷ் இடத்துக்கு மட்டும் பொருள் காசு குடுத்துடுங்க" என்றார். அத்தையும் சரி என்றார். ஓரப் பூச்சும் அந்த மூலையின் வாட்டமும் நான்கு நாளில் மாறின. திரும்பவும் தண்ணீர் நிறுத்திப் பார்த்துவிட்டுப் பாதி பாக்கியைக் கொடுத்தார், மீதியைக் கார்த்திகை மழைக்குப் பிறகு. இந்த முறை என்ன வேலை, எத்தனை வருஷப் பொறுப்பு என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். டிஷ் இப்போது கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது.