கறுத்தால்தான் கரிசாலை

கரிசலாங்கண்ணி என்று கட்டி விற்கிற கீரையெல்லாம் கரிசலாங்கண்ணி இல்லை. எங்கள் புதுவாயல் பக்கத்து வரப்புகளில் சூரியகாந்திக் குடும்பத்துப் பூண்டுகள் பல கலந்து முளைக்கின்றன. பறிக்கிறவர்கள் அவசரத்தில் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். அதனால்தான் இதை வீட்டிலேயே வளர்க்க ஆரம்பித்தேன். வளர்ப்பது சுலபம். அடையாளம் பிடிபடுவதுதான் முக்கால்வாசி வேலை.

வெள்ளைக் கரிசலாங்கண்ணியின் இலைகள் எதிரெதிராக, காம்பில்லாமல் தண்டை ஒட்டி நீளமாக இருக்கும். தடவினால் சொரசொரக்கும். பூ சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. ஓரத்தில் வெள்ளை இதழ்கள் நூல் நூலாக நெருங்கி நிற்கும். அவை உதிர்ந்ததும் பச்சைக் குமிழ் மிஞ்சும். அதைப் பிட்டால் விதைகள் நெருக்கியடித்து அடுக்கியிருக்கும்.

இவ்வளவு பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால், நடவுக்கு வரும் ஆயா ஒருவர் சொல்லிக்கொடுத்த வழி இருக்கிறது: "தண்ட ஒடிச்சு உள்ளங்கையில தேயி. கறுத்தா அதான். கறுக்கலன்னா தூக்கிப் போடு." தேய்த்ததும் சாறு பச்சையாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் காற்றுப்பட்டுக் கறுத்துவிடும். நகக்கண்ணில் ஏறிய கறை சோப்புக்கும் அசையாது. அந்தக் காலத்தில் வீட்டில் கண்மை செய்தவர்கள் இந்தச் சாற்றில் நனைத்துக் காயவைத்த துணியைத்தான் திரியாக எரித்துக் கரி பிடித்தார்கள்.

இதோடு கலந்து முளைக்கிற வெட்டுக்காயப் பூண்டு கறுக்காது. அதன் பூ நீளக் காம்பின் உச்சியில் தனியாக நிற்கும், ஓரத்தில் அகலமான வெளிர் இதழ்கள் ஐந்து போல இருக்கும், விதை பஞ்சோடு பறக்கும். கரிசாலை என்கிற கரிசலாங்கண்ணியின் விதைக்குப் பஞ்சு கிடையாது.

மஞ்சள் கரிசலாங்கண்ணியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வள்ளலார் போற்றிய மூலிகை கரிசாலை. அவருடைய தாயார் சின்னம்மையின் ஊர், பக்கத்தில் பொன்னேரியை ஒட்டிய சின்னக்காவணம். அந்தப் பற்றோடு மஞ்சள் வகையைத் தேடி நர்சரிக்குப் போகிறவர்கள் கையில் பல சமயம் சிங்கப்பூர் டெய்சிதான் கிடைக்கிறது. கம்பெனி வாசலிலும் சாலையோரத்திலும் அழகுக்குப் படரவிடுகிறார்களே, அதே கொடி. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் உள்ளது. இலையைப் பாருங்கள்: பளபளப்பாக, மூன்றாகப் பிளந்த மாதிரி இருந்தால் அது டெய்சி. பிளவில்லாமல் நீண்டு குறுகியிருந்தால் மஞ்சள் கரிசாலை. டெய்சியைத் தரையில் விட்டால் பக்கத்தில் எதையும் வாழவிடாது.

கரிசாலை வளர்க்க ஐப்பசி மழை நல்ல சமயம். கணுவில் வேர்விட்ட தண்டைக் கிள்ளி, ஈரமான களிமண் கலந்த தொட்டியில் படுக்கவைத்து, கணுவின் மேல் மட்டும் மண் போட்டால் போதும். விதை தூவினால் மண்ணைப் போட்டு மூடக் கூடாது. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். வயலோரச் செடி என்பதால் தண்ணீர் காய்ந்தால் உடனே துவண்டுவிடும். பூக்கிற சமயத்தில் அடியில் நாலு விரல் விட்டு அறுத்தால் மறுபடி தழையும். பருப்போடு கடைந்தால் லேசான கசப்பு, அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கம் கால்வாய் ஓரத்தில் செழித்து நிற்கிற செடியைப் பார்த்தால் கை பரபரக்கும். பறிக்காதீர்கள். தண்ணீரிலும் சேற்றிலும் கலந்த உலோகங்களைச் செடி உறிஞ்சிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. நெடுஞ்சாலை ஓரத்துச் செடியும் வேண்டாம்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். காமாலை என்று தெரிந்தால், அதற்கு மருந்தென்று இந்தக் கீரையை நம்பி நாளைக் கடத்தாமல் முதலில் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.