மருந்தும் பேச்சும்: புதிதாகப் பணிக்கு வந்தவளுக்கு

கண்ணு, காஞ்சிபுரத்தில் மனநல ஆலோசகராகச் சேர்ந்திருக்கிறாய். விபத்து, தீ, வெள்ளம், வன்முறை என்று எதையோ கண்டு, அதிலிருந்து மீள முடியாதவர்கள் உன்னைத் தேடி வருவார்கள். அவர்களுக்கு மருந்தும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்து நடக்கும்போது நீ மனத்தில் வைக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

1. அவசரப்பட்டு நோய்ப் பெயர் சூட்டாதே. 2004 டிசம்பர் 26-இல் சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்தபோது கோவளமும் மாமல்லபுரமும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. அப்படிப்பட்ட நாளுக்குப் பிறகு தூக்கம் கெடுவது இயல்பு. சோறும் கூரையும் உறவும் கிடைத்தால் பெரும்பாலோர் மெல்லத் தேறிவிடுவார்கள். ஒரு மாதம் கடந்தும் அதே காட்சி வந்து வதைத்தால், அதை நினைவூட்டும் இடங்களுக்கே போக மறுத்தால், சிறு சத்தத்துக்கும் உடம்பு உதறினால், அப்போது சிகிச்சையைப் பற்றி யோசி. நடந்ததை அன்றைக்கே கொட்டிவிடு என்று யாரையும் வற்புறுத்தாதே.

2. மருந்தின் எல்லையைத் தெரிந்துகொள். செர்ட்ராலினும் பராக்ஸெட்டினும் பதற்றத்தையும் மனச்சோர்வையும் தணிக்கும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நினைவை அழிக்கும் மாத்திரை கிடையாது. அந்த நினைவை நெருங்கிப் பார்க்கும் தைரியம் பேச்சு சிகிச்சையில்தான் வரும். பல நாட்டு வழிகாட்டுதல்கள் அதற்கே முதலிடம் தருகின்றன. இரண்டும் சேர்ந்தால் எல்லோருக்கும் இரட்டைப் பலன் என்று வாக்குக் கொடுக்காதே. நியூயார்க்கின் 2001 தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், பேச்சு சிகிச்சையோடு பராக்ஸெட்டினும் எடுத்தவர்கள் முதல் பத்து வாரங்களில் கூடுதலாகத் தேறினார்கள்; சிகிச்சையைத் தொடர்ந்தவர்களிடம் பின்னர் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆனாலும் இரவெல்லாம் விழித்துக் கிடப்பவர், சோர்வில் எழவே முடியாதவர் உன் எதிரில் வந்து உட்காருவதற்கே மருந்து வேண்டியிருக்கும்.

3. இந்த ஊரின் சத்தங்களைத் தெரிந்து வைத்துக்கொள். 2023 மார்ச்சில் குருவிமலையில் பட்டாசுக்கூடம் வெடித்துப் பலர் மாண்டார்கள். இங்கே வெடி இல்லாத மாதம் ஏது? திருவிழாவிலும் வெடி, தீபாவளியிலும் வெடி, சாவு ஊர்வலத்திலும் வெடி. பயந்தவரை வீட்டார் உள்ளறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்துவார்கள். அது அன்புதான், ஆனால் ஒளிய ஒளியப் பயம் வளரும். நீ படிப்படியாகப் போ. முதலில் ‘வெடி’ என்ற சொல்லை அவர் வாயால் சொல்லட்டும். பிறகு வெடிச்சத்தத்தைக் கைபேசியில் தாழ்ந்த ஒலியில் கேட்கட்டும். பிறகு பிள்ளைகள் வெடிக்கும் பொட்டுவெடிக்குப் பக்கத்தில் நிற்கட்டும். அடுத்த படி எப்போது என்பதை அவரே சொல்லட்டும். எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர், தெருவில் வெடி கேட்டால் குழித்தறியிலிருந்து எழுந்து ஓடுவார். மருந்தில் தூக்கம் சீரான பிறகுதான் அவரால் பேசவே முடிந்தது; பேசிப் பேசிப் பழகிய பிறகுதான் சத்தம் வெறும் சத்தமாயிற்று. தறியை விட்டு எழாமல் ஒரு வெடியை அவர் கடந்த நாளை அவர் மனைவி சொல்ல வந்தபோது, அந்த அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை.

4. டையாசிபம், அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளைத் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள். சாராயமும் அப்படித்தான். அந்த இரவுக்கு நிம்மதி. நோய் தீராது, பழக்கம் ஒட்டிக்கொள்ளும். திட்டாதே. திட்டு வாங்கியவர் அடுத்த உண்மையை மறைப்பார். எவ்வளவு, எப்போதிலிருந்து என்று கேட்டு மருத்துவரிடம் அனுப்பு. தாமாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

5. மருத்துவரோடு பேசு. வயிற்றைப் புரட்டுகிறது, தாம்பத்தியத்தில் நாட்டமில்லை என்று மாத்திரையை நிறுத்தியவர், அதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு உன்னிடம் சொல்வார். அவர் சம்மதத்தோடு அதைக் கொண்டு சேர். தேறியது உன் பேச்சாலா, மருத்துவர் தந்த மருந்தாலா என்று கணக்குப் பார்க்காதே.

6. கோயிலுக்குப் போகிறவரைத் தடுக்காதே. காமாட்சி சந்நிதியில் அழுதுவிட்டு வருபவர் உன் சிகிச்சைக்கு எதிரி அல்ல. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநலப் பணி செய்த மருத்துவர் தயா சோமசுந்தரம், குடும்பத்தையும் ஊரையும் சடங்கையும் சேர்த்தே குணப்படுத்த வேண்டும் என்று வலியுறுத்தியவர். போரும் சுனாமியும் கண்ட இலங்கைப் பிள்ளைகள் 31 பேரிடம் நடந்த ஆய்வில், உள்ளூர் ஆலோசகர்களே பயிற்சி பெற்றுச் சிகிச்சை தந்தார்கள். வாழ்ந்த கதையைச் சொல்லவைத்ததும் பலன் தந்தது, தியானமும் பலன் தந்தது.

7. நன்றாகிவிட்டது என்று மாத்திரையை ஒரே நாளில் விட்டால் தலைசுற்றும், எரிச்சல் வரும். தேறிய பிறகும் பல மாதம் தொடர்ந்து, மருத்துவர் சொல்படி மெல்லக் குறைக்க வேண்டும். தீபாவளி நெருங்கும்போது குறைக்கத் தொடங்க வேண்டாம் என்று நீயே நினைவூட்டு. மருந்து தொடங்கிய முதல் வாரங்களில், முக்கியமாக இளம் வயதினரிடம், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. மனநல உதவிக்கான ‘டெலி மானஸ்’ எண் 14416-ஐ ஓ.பி. சீட்டின் பின்பக்கம் பெரிதாக எழுதிக் கொடு; வீட்டில் இருப்பவருக்கும் அதைக் காட்டு.